நியான் மூலையிலேயே ஒட்டி நிற்கிறது, பிளாக் விடோ கப்பி வாலைக் கடிக்கிறது: என்ன செய்யலாம்?

#1 தாம்பரம்_தொட்டி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது இரண்டடித் தொட்டி. 24 இஞ்ச் நீளம், 12 அகலம், 12 உயரம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிறது. உள்ளே நியான் டெட்ரா 5, பிளாக் விடோ டெட்ரா 3, ஆண் கப்பி 4, சின்ன ஏஞ்சல் ஒன்று. எல்லாமே கம்யூனிட்டி மீன்தான், சேர்த்து விடலாம் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள்.

இப்போது மூன்று சந்தேகம். விடோ மூன்றும் ஒன்றையொன்று துரத்துகின்றன, அப்புறம் கப்பியின் பின்னால் போய் வாலைக் கடிக்கின்றன. இரண்டு கப்பிக்கு வால் கிழிந்து நூல் நூலாகத் தொங்குகிறது. அடுத்தது நியான். ஐந்தும் ஃபில்டருக்குப் பின்னால் மூலையில் ஒட்டிக்கொண்டு ஒரே கொத்தாக நிற்கின்றன. கூட்டமாக இருந்தால் சந்தோஷமாக இருக்கிறது என்று அர்த்தம் என்று கடைக்காரர் சொன்னார், அது சரிதானா? மூன்றாவது, காலையில் லைட் போட்டதும் பார்த்தால் நியானின் நீலக்கோடு வெளுத்துப்போய்க் கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. நோயா?

#2 கோவை_கோரி

மூன்றாவதுக்கு உடனே சொல்லிவிடலாம், நோய் இல்லை. நியானின் நீலம் சாயம் மாதிரி நிறமி கிடையாது. தோலில் உள்ள செல்களுக்குள் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றின் இடைவெளியைப் பொறுத்துதான் எந்த நிறம் திரும்பி வரும் என்பது. இருட்டில் அந்த இடைவெளி மாறிவிடுவதால் கோடு மங்கி, ஊதா கலந்து தெரியும். வெளிச்சம் வந்த பிறகு பழைய நீலத்துக்குத் திரும்பும். பகல் முழுக்க வெளுத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல விவரம் வேண்டும். கல் என்ன நிறம்? செடி உண்டா? தண்ணீர் சூடு எவ்வளவு, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு? தீனி போடும்போது நியான் வெளியே வருகிறதா?

#3 தாம்பரம்_தொட்டி

நன்றி அண்ணா. வெள்ளைக் கல், பிளாஸ்டிக் செடி இரண்டு. மதியம் 30 டிகிரி காட்டுகிறது. போர் தண்ணீர், டிடிஎஸ் 900க்குப் பக்கம். தீனி போட்டால் விடோவும் ஏஞ்சலும் முதலில் பாயும். நியான் கடைசியில்தான் வரும், கீழே விழுவதைப் பொறுக்கிக்கொண்டு மறுபடி மூலைக்குப் போய்விடும்.

#4 கருப்புநீர்

தம்பி, கொத்தாக நிற்பது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடைக்காரர் சொன்னது சரியில்லை. உங்கள் நியான்கள் பயந்துபோய் நிற்கின்றன.

ஆபத்து என்று பட்டால் சின்ன மீன் ஒவ்வொன்றும் கூட்டத்தின் நடுவுக்குள் நுழையப் பார்க்கும். ஓரத்தில் இருப்பதுதானே முதலில் மாட்டும்! எல்லா மீனும் அதையே செய்யும்போது கூட்டம் இறுகிவிடுகிறது. எல்லா முகமும் ஒரே திசையில், துடுப்புகள் உடம்போடு மடங்கி, நீந்தாமல் அதே இடத்தில் நடுங்குவது போல் நிற்கும். உங்கள் தொட்டியில் இதுதானே நடக்கிறது?

பயம் போன நியான் கூட்டத்தைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கும், ஏனென்றால் கூட்டமே கலைந்த மாதிரி தெரியும். ஒன்று பாசியைக் கொத்திக்கொண்டிருக்கும். நாலு நடு உயரத்தில் சும்மா மிதக்கும். ஒன்று தனியாகத் தொட்டியின் அந்தக் கோடி வரை போய், சட்டென்று திரும்பி வரும். கண்ணுக்கெட்டும் தூரத்தில் தன் இனம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும் அதற்கு. கதவை ஓங்கிச் சாத்திப் பாருங்கள், அத்தனையும் அரை நொடியில் ஒன்றாகிவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பரவும். அப்படி இறுகி, பரவி, மறுபடி இறுகுகிற கூட்டம்தான் நன்றாக இருக்கிற கூட்டம். நாள் முழுக்க இறுகியே இருந்தால் தொட்டியில் எதுவோ அவற்றைப் பயமுறுத்துகிறது.

உங்கள் விஷயத்தில் அது எது என்பதில் சந்தேகமே இல்லை, ஏஞ்சல்தான். இப்போது சின்னதாக இருக்கலாம். வளர்ந்தால் வாலோடு சேர்த்துப் பதினைந்து செ.மீ. நீளம் வரை வரக்கூடிய மீன் அது, துடுப்போடு பார்த்தால் உயரம் அதைவிட அதிகம். நியான் மூன்று செ.மீ. சொச்சம். அமேசான் பக்கத்து ஆறுகளில் இந்த மாதிரிச் சின்ன மீன்களையும் தின்னும் ஜாதி ஏஞ்சல். நியானுக்கு அந்த உருவத்தைப் பார்த்தாலே பயம் இருக்கும். இன்னும் ஒன்றைக்கூடத் தின்னவில்லை என்றாலும், ராத்திரி பகலாக அதன் கண் முன்னால்தான் நியான் வாழ வேண்டியிருக்கிறது.

அப்புறம் வெள்ளைக் கல். நியான் வருவது பெரு, கொலம்பியா, பிரேசில் எல்லைப் பக்கத்துக் காட்டு ஓடைகளிலிருந்து. மேலே மரம் மூடியிருக்கும், கீழே உதிர்ந்த இலை குவிந்து கறுத்திருக்கும், தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அந்த இருட்டில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளத்தான் அந்த நீலக்கோடு உதவுகிறது என்று சொல்வார்கள். அதைப் பளீரென்ற வெள்ளைத் தரையின் மேல், தலைக்கு மேல் நிழலே இல்லாமல் விட்டால் மூலையைத்தான் தேடும்.

#5 வடசென்னை_நீர்

ஏஞ்சல் விஷயத்தில் கருப்புநீர் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. விடோ பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கொளத்தூர்ப் பக்கம் வளர்ந்தவன், குஞ்சு எடுக்கிற இடங்களில் விடோவைத் தொட்டி தொட்டியாகப் பார்த்திருக்கிறேன்.

விடோ கெட்ட மீன் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஒன்றையொன்று துரத்துவதும், பக்கவாட்டில் நின்று உடம்பைக் காட்டி மிரட்டுவதும், சிலசமயம் ஒரு கொத்து கொத்துவதும்தான் விடோவின் சமூக வாழ்க்கை. யார் பெரியவன் என்று தினமும் பேசி முடிவு செய்கிற மீன். எட்டு பத்து இருந்தால் அந்தத் துரத்தல் எல்லோருக்கும் பங்காகப் பிரிந்துவிடும், யாருக்கும் காயம் வராது. மூன்றே மூன்று இருந்தால் என்ன ஆகும்? ஒன்று தலைவன், ஒன்று கூடவே சுற்றும், மூன்றாவது நாள் முழுக்க அடி வாங்கும். அதுவும் அலுத்துவிட்டால் பக்கத்தில் மெதுவாகப் போகிற, வால் நீளமான ஒருவனைத் தேடும். அதுதான் உங்கள் கப்பி.

ஆகவே என் யோசனை, விடோவைக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். என் தொட்டியில் பத்து விடோவோடு கப்பியும் இருக்கிறது, வால் முழுசாகத்தான் இருக்கிறது.

#6 கருப்புநீர்

வடசென்னை, நீங்கள் சொன்ன காரணம் சரி. கூட்டம் சின்னதானால் அடி ஒருவன் தலையில்தான் விழும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் உங்கள் தொட்டி எத்தனை அடி என்று சொல்லுங்கள். இவர் தொட்டி 50 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. விடோ ஐந்து ஆறு செ.மீ. வளரும், தட்டையான உயரமான உடம்பு, ஓயாமல் நீந்தும். பத்து விடோவை இரண்டடியில் விட்டால் துரத்தல் பங்காகும், ஆனால் துரத்தப்படுகிறவன் போய் ஒதுங்க இடம் இருக்காது. பார்வையிலிருந்து மறைய முடிந்தால்தான் தோற்றவன் தப்பிப்பான். எண்ணிக்கையும் நீளமும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

கப்பியோடு வைப்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. உங்களிடம் நடக்கிறது என்றால் நல்லதுதான். புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு அதைச் சொல்ல மாட்டேன். செர்ப்பே டெட்ராவுக்கும் இதே பேச்சுத்தான், அது விடோவைவிட ஒரு படி மேலே. கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல் என்று துடுப்பு நீண்ட எதனோடும் அதைச் சேர்க்கவே கூடாது.

#7 வடசென்னை_நீர்

என்னுடையது நாலடி அண்ணா. பின்பக்கம் முழுக்க வாலிஸ்னேரியா செடி காடு மாதிரி இருக்கிறது. சரி, இரண்டடிக்கு நீங்கள் சொல்வதுதான் பொருந்தும். இவருக்கு விடோவைப் பெரிய தொட்டிக்கு மாற்றுவதுதான் வழி.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், புதியவர்கள் படிப்பதால். கடைகளில் ரோஸ், பச்சை, நீலம் என்று கலர் விடோ என்ற பேரில் கிடைப்பதும் இதே மீன்தான். நிறைய இடத்தில் வெளிறிய விடோவுக்குச் சாயம் ஏற்றித்தான் விற்கிறார்கள். அந்த மீனுக்கு அது பெரிய சித்திரவதை. சில மாதத்தில் கலர் போய்விடும், அதற்குள் நிறைய மீன் செத்தும்போகும். தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்குகிறவர் இருக்கும்வரை செய்துகொண்டேதான் இருப்பார்கள்.

#8 நீந்தும்_கண்

கூட்டம் பற்றிப் பேசுவதால் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் ஓர் ஆய்வுக் குழு ரம்மி நோஸ் டெட்ராவை வைத்துப் பல வருடமாகக் கூட்ட நடத்தையை ஆராய்கிறது. வட்டமான தொட்டியில் நீந்தவிட்டு, ஒவ்வொரு மீனும் யாரைப் பார்த்துத் திரும்புகிறது என்று கேமராவில் கணக்கெடுத்தார்கள். கூட்டம் முழுவதையும் மீன் கவனிப்பதில்லை. அந்த நொடியில் தன்மேல் அதிகத் தாக்கம் உள்ள ஓரிரு அண்டை மீனைக் கவனித்தாலே மொத்தக் கூட்டமும் சிதறாமல் ஒன்றாகப் போகிறது என்று கண்டார்கள்.

வீட்டில் பார்க்க எளிது. ரம்மி நோஸ் சீராக நீந்தாது. வாலை ஒரு வெட்டு வெட்டும், அந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டே போகும், அப்புறம் அடுத்த வெட்டு. அந்த வெட்டு விழும் நொடியில்தான் திசை மாறும். ஒரே மீனை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். அது திரும்புவதற்குச் சற்று முன்னால் பக்கத்து மீன் திரும்பியிருக்கும்.

நியானை வைத்தும் ஒரு வேலை நடந்திருக்கிறது, அதுவும் பிரான்ஸ்தான், கிரெனோபில் நகரம், 2023இல் வெளியானது. ஒரு குறுகிய திறப்பு வழியாக நியான் கூட்டத்தைத் துரத்தினார்கள். மனிதக் கூட்டம் என்றால் வாசலில் நெரிசலாகி அடைத்துக்கொள்ளும். நியான்கள் ஒன்றையொன்று இடிக்கவில்லை, தம்முள் சிறு இடைவெளி விட்டு முறைவைத்து வெளியேறின. பயத்திலும் அந்த இடைவெளியை விட்டுக்கொடுக்காத மீன் அது. இதைப் படித்த பிறகு, வலை போடும்போது நான் அவற்றை மூலையில் நெருக்குவதை நிறுத்திவிட்டேன்.

#9 தாம்பரம்_தொட்டி

படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருக்கிறது. ரம்மி நோஸ் எப்போதும் இறுகித்தானே நீந்தும்? அப்போது அதுவும் பயமா?

#10 நீந்தும்_கண்

நல்ல கேள்வி. ரம்மி நோஸ் அந்த விதிக்கு விலக்கு. பயமே இல்லாதபோதும் ஒரே திசையில் அணியாகப் போகிற குணம் அதற்கு உண்டு. அதனிடம் பயத்தைப் பார்க்க வேண்டிய இடம் மூக்கு. நல்ல சிவப்பாக, கண்ணைத் தாண்டிச் செவுள் வரை நிறம் இருந்தால் நிம்மதியாக இருக்கிறது. வெளிறி ரோஸ் ஆனால் தண்ணீரோ கூட்டாளியோ சரியில்லை.

எம்பர், லெமன், பிளாக் நியான் டெட்ராக்கள் எல்லாம் நேர் எதிர். செட்டில் ஆனதும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். ஆண்கள் செடி ஓரத்தில் கையகல இடத்தைத் தனதென்று வைத்துக்கொள்ளும். எம்பரர் டெட்ராவின் ஆணுக்கு அந்த எண்ணம் இன்னும் அதிகம்.

#11 கோவை_கோரி

துரத்தல் எல்லாமே சண்டை என்று பயந்துவிட வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். இரண்டு ஆண் நியான் மோதும்போது கிட்ட உட்கார்ந்து பாருங்கள். இரண்டும் பக்கம் பக்கமாக, இடையில் ஒரு விரல்கூட இல்லாமல் வந்து நிற்கும். முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் விறைத்து நிமிரும், நிறம் திடீரென்று ஆழமாகும். ஒன்று தலையைச் சற்றே கீழே சாய்த்து வாலை அதிர அடிக்கும், மற்றதும் அப்படியே செய்யும். வட்டமாக ஒரு சுற்று. சட்டென்று ஒன்று மட்டும் துடுப்பை மடக்கி விலகும், அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. துடுப்பு கிழியாது, செதில் போகாது. பக்கத்தில் வயிறு உருண்ட பெண் மீன் இருந்தால் இது அடிக்கடி நடக்கும். பெண்ணுக்கு அந்த வயிற்றால் நீலக்கோடு கொஞ்சம் வளைந்து தெரியும், ஆணுக்கு நேராக இருக்கும்.

இதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். பயந்த நியானுக்கு இதற்கெல்லாம் மனமே இருக்காது. ஒரே மீனை எல்லாமும் சேர்ந்து விரட்டுவது, அது மேல் மூலையில் தலை தூக்கி நிற்பது, தீனிக்கு வராதது, இதெல்லாம் வேறு. அங்கே கை வைத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, தனியாக ஒதுங்குகிற நியானை அசட்டையாக விடாதீர்கள். கூட்டத்தை விட்டு விலகி, ராத்திரியும் அமைதியில்லாமல் நீந்தி, உடம்பில் நிறம் திட்டுத் திட்டாக வெளுத்தால் நியான் டெட்ரா நோயாக இருக்கலாம். தசைக்குள் வளரும் ஒட்டுண்ணி அது. நம்பகமான மருந்து கிடையாது. செத்த மீனை மற்றவை கொத்துவதால்தான் முக்கியமாகப் பரவும். ஆகவே சந்தேகம் வந்தால் உடனே பிரித்துவிடுங்கள்.

#12 புதுக்குளம்

நடுவில் ஒரு கேள்வி. வலையில் ஒரு டெட்ராவைப் பிடித்தபோது செதில் கொஞ்சம் உரிந்தது, அதைத் திரும்ப விட்டதும் மொத்தக் கூட்டமும் தரையோடு ஒட்டிக்கொண்டது. யாரும் துரத்தவில்லை. ஏன்?

#13 நீந்தும்_கண்

வாசனை! கெண்டை, கெளுத்தி, டெட்ரா குடும்பங்களின் தோலில் சில செல்கள் உண்டு. தோல் கிழிந்தால்தான் அவை உடைந்து ஒரு பொருளைத் தண்ணீரில் விடும். அதை முகர்ந்த சக மீன்கள் எங்கோ ஒருவன் கடிபட்டான் என்று எடுத்துக்கொண்டு ஒடுங்கும். தேனீக்களின் நடனத்துக்காகப் பெயர் பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ்தான் இதை 1938இல் சின்ன நன்னீர் மீன்களிடம் கண்டு எழுதினார். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். கால்வாசித் தண்ணீரை மாற்றி, லைட்டை அணைத்துவிடுங்கள். அடுத்த முறை வலைக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டு எடுங்கள்.

விடோ கப்பியைக் கடிக்கும்போதும் அதே தண்ணீரில்தான் நியான் இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். கப்பி வேறு குடும்பம், அதன் வாசனைக்கு நியான் அப்படி ஒடுங்கும் என்று சொல்ல மாட்டேன். விடோக்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டால் அது வேறு கதை, அவை டெட்ராதானே.

#14 தாம்பரம்_தொட்டி

முடிவு செய்துவிட்டேன். விடோ மூன்றையும் வடசென்னை அண்ணா எடுத்துக்கொள்வதாகத் தனிச்செய்தியில் சொன்னார், ரொம்ப நன்றி அண்ணா. ஏஞ்சலை நண்பர் வீட்டுப் பெரிய தொட்டிக்குக் கொடுக்கிறேன். நியான் மேல்தான் எனக்கு ஆசை. ஐந்தோடு இன்னும் எத்தனை சேர்க்கலாம்? நியான் ஐந்து, எம்பர் ஐந்து, ரம்மி நோஸ் ஐந்து என்று கலந்து வைத்தால் பதினைந்து பேர் கூட்டம் ஆகிவிடுமா? எங்கள் போர் தண்ணீருக்கு நியான் தாங்குமா?

#15 கோவை_கோரி

கலந்தால் மூன்று சின்னக் கூட்டம்தான் கிடைக்கும், ஒரு பெரிய கூட்டம் கிடைக்காது. பயத்தில் எல்லாம் ஒன்றாக ஓடும், உண்மைதான். பயம் தெளிந்ததும் தன் இனத்தோடுதான் போய்ச் சேரும். நியானும், பார்க்க அதைப் போலவே இருக்கும் கார்டினல் டெட்ராவும் ஓரளவு கலந்து திரியும், அதுவே விதிவிலக்கு. இரண்டடியில் நியான் பன்னிரண்டு, தரையில் மேயும் சின்னக் கெளுத்தியான கோரி நாலைந்து, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரம்மி நோஸுக்கு மூன்றடி நீளமாவது வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கோவைக்காரனாக நான் கொடுத்து வைத்தவன், சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. உங்களுக்கு 900 டிடிஎஸ் என்பது நியானுக்கு அதிகம். ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்கு மேல் கலந்து, வாரா வாரம் மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், ஒரே நாளில் இறக்கக் கூடாது. கப்பிக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும், ஆகவே கப்பியைத் தனித்தொட்டிக்கு மாற்றினால் இருவருக்கும் நல்லது.

சூடுதான் எனக்குக் கவலை. நியானுக்கு 22 முதல் 26 வரை இருந்தால் நல்லது. சென்னை வெயிலில் மூடியை எடுத்துவிட்டு, வலை போட்டு, நீர்மட்டத்தின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் ஓரிரண்டு டிகிரி இறங்கும். அதற்கு மேல் முடியாது என்றால் நியானுக்குப் பதில் கார்டினலை யோசியுங்கள், அது 28, 29இல்கூடச் சமாளிக்கும். பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றிலிருந்து பிடித்து வருவதும் உண்டு, பண்ணையில் வளர்ந்ததும் உண்டு. விலை கூடத்தான்.

#16 தாம்பரம்_தொட்டி

புரிந்தது அண்ணா. ஃபேன் வைத்துப் பார்த்து, இறங்கவில்லை என்றால் இருக்கிற ஐந்தையும் உங்களிடம் கேட்டு யாருக்காவது கொடுத்துவிட்டு கார்டினலுக்குப் போகிறேன். இப்போதைக்கு நியான் என்றே வைத்துக்கொள்வோம். எதை முதலில் செய்ய?

#17 கருப்புநீர்

முதலில் ஏஞ்சலும் விடோவும் வெளியே போகட்டும். அன்றைக்கே வேறெதையும் தொடாதீர்கள். மூலையில் நிற்கும் ஐந்தும் என்ன செய்கின்றன என்று மட்டும் பாருங்கள். அவை போன இரண்டாம் மூன்றாம் நாளில் நியான்கள் ஃபில்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வர ஆரம்பித்தால் காரணம் அந்தக் கூட்டாளிகள்தான் என்று உங்களுக்கே உறுதியாகிவிடும்.

அப்புறம் கல்லைக் கறுப்பு மணலாக மாற்றுங்கள். ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ் போதும், இரண்டுக்கும் வெளிச்சம் அதிகம் வேண்டாம். பின்பக்கமும் இரு ஓரமும் செடி, நடுவில் நீந்த வெற்றிடம். தெருவில் நாட்டு வாதுமை மரம் இருக்கும், தானாகப் பழுத்து விழுந்து காய்ந்த இலையாகப் பார்த்து எடுங்கள். மருந்து அடிக்காத, சாலைப் புகை படியாத இடமாக இருக்கட்டும். கழுவி இரண்டு இலை போட்டால் தண்ணீர் இளம் பழுப்பாகும், மீனுக்குப் பதுங்க இடமும் ஆகும். லைட்டை எட்டு மணி நேரத்துக்குக் குறையுங்கள். காலையில் முதலில் அறை விளக்கு, கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி விளக்கு.

புது நியானை இரண்டிரண்டாக வாங்காமல் ஏழு மீனையும் ஒரே தடவையில் வாங்குங்கள். இரண்டு மட்டும் புதிதாக வந்தால் அவை ஓரத்திலேயே தொங்கும். வாங்கும்போது கடைத் தொட்டியில் ஒரு செத்த நியான் கிடந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். வீட்டில் மூடி போட்ட பக்கெட்டோ சின்னத் தொட்டியோ வைத்து, இப்போதே ஒரு ஸ்பாஞ்சைக் கூடுதலாக உங்கள் தொட்டியில் ஓடவிட்டு, நல்ல பாக்டீரியா படியும்படி பழக்கி, அதைக் கொண்டு மூன்று நான்கு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். நிறம் திட்டாக வெளுப்பது, ஒதுங்குவது எதுவும் இல்லை என்றால் சேர்க்கலாம்.

சேர்க்கும் அன்று மாலை விளக்கை அணைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, மெதுவாக விடுங்கள். அன்று தீனி வேண்டாம். மறுநாள் காலை ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால் தீனியோ பொடித்த பெல்லட்டோ கொஞ்சமாக இரண்டு இடத்தில் தூவி, பன்னிரண்டும் வந்து சாப்பிடுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் இங்கே எழுதுங்கள், முடிந்தால் படத்தோடு.